பாதி வழியில் நில்லாத பதிவு

விடியற்காலை 5 மணிக்குப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒருவர் மிதிவண்டியில் புறப்படுவதாகக் கொள்வோம். கிள்ளான், காப்பார், ஜெராம் ஆகிய ஊர்களின் வழியே கோல சிலாங்கூருக்குச் சென்று திரும்ப ஏறக்குறைய 150 கிலோமீட்டர் ஆகும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும் ஏழரை மணி நேரம் மிதிக்க வேண்டும். ஓய்வையும் சேர்த்தால் பத்து மணி நேரம் ஆகிவிடும். அவருடைய கால்கள் தாங்கலாம். கைப்பிடியில் பொருத்தியிருக்கும் சிறிய கணினியின் மின்கலம் தாங்குமா?

அக்கணினி, சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிவரும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைப் பெறுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகள் கிடைத்தால் தான் இருக்கும் இடத்தைச் சரியாகக் கணக்கிடுகிறது. அவ்விடங்களைப் புள்ளிகளாகக் கோத்துப் பயண வழியையும் தொலைவையும் பதிவு செய்கிறது. மின்னாற்றல் தீர்ந்தால் பதிவு நின்றுபோவதோடு வழிகாட்டும் வரைபடமும் மறைந்துவிடும். பிற்பகல் மழையாலோ சக்கரப் பழுதாலோ தாமதமாகி, செம்பனைத் தோட்டச் சாலையில் இருட்டிவிட்டால் நிலைமை கடினமாகும். வழி தேடுவதற்கே கைப்பேசியின் மின்னாற்றலையும் செலவழித்துவிட்டால், ஆபத்து வேளையில் 999 என்ற எண்ணை அழைக்கவும் இயலாது.

ஆகவே, சிக்கனமே முதற்படி. திரையின் வெளிச்சமே மின்னாற்றலைப் பெரிதும் உறிஞ்சுகிறது. பகலில் அதைக் குறைத்துக்கொள்ளலாம். கைப்பேசியுடனான தொடர்பு தேவைப்படாதபோது அதை நிறுத்திவைக்கலாம். ஆனால், பதிவு செய்யும் இடைவெளியை அளவுக்கு மீறிக் கூட்டக்கூடாது. ஒவ்வொரு விநாடியும் புள்ளி பதிவானால் வளைவுகள் வளைவுகளாகவே தெரியும். இடைவெளி நீண்டால் இரு புள்ளிகளுக்கு இடையே நேர்கோடு விழும். வளைந்து செல்லும் பாதையின் தொலைவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டப்படும்.

அடுத்தது, பவர் பேங்க் எனப்படும் மின்சேமிப்பான். அதன்மேல் 10,000 மில்லி ஆம்பியர் மணி என அச்சிடப்பட்டிருந்தாலும், அவ்வளவும் கணினிக்குக் கிடைப்பதில்லை. அந்த அளவு, உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் மின்கலத்துக்கு உரியது. அதன் ஆற்றல் 37 வாட் மணி. அதை 5 வோல்ட்டாக மாற்றி வெளியிடும்போது 7,400 மில்லி ஆம்பியர் மணியாகிறது. மாற்றத்தில் ஏற்படும் இழப்பால் அது மேலும் குறையும். எனினும், மிதிவண்டிக் கணினியின் மின்கலம் சிறியது. எனவே, ஒரு நாள் பயணத்திற்கு இதில் பாதி அளவுள்ள சேமிப்பானே பெரும்பாலும் போதும். வீண் சுமை வேண்டியதில்லை.

சேமிப்பானை இணைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. சில கணினிகள், மின்வடத்தைச் செருகியதும் மேசைக் கணினியோடு இணைக்கப்பட்டதாகக் கருதிப் பதிவை நிறுத்திவிடுகின்றன. வேறு சில, மேடு பள்ளத்தில் வடம் கழன்றவுடன் தாமாகவே அணைந்துவிடுகின்றன. சேமிப்பானிலும் ஒரு சிக்கல் உண்டு. கணினியின் மின்கலம் நிறைய நிறைய, அது இழுக்கும் மின்னோட்டம் குறைகிறது. இணைப்பில் எதுவும் இல்லை என்று கருதிச் சில சேமிப்பான்கள் தம் வேலையை நிறுத்திக்கொள்கின்றன. ஆகவே, மின்கலம் பாதி குறைந்த பிறகு, ஓய்விடத்தில் மின்னேற்றம் செய்வது நல்லது. அப்பொழுது பதிவு ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதைத் திரையில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டின் வெயிலையும் மழையையும் மறந்துவிடக் கூடாது. லித்தியம் மின்கலத்துக்கு வெப்பம் பகை. கடும் வெயிலில் நிறுத்தப்பட்ட மிதிவண்டியில் கணினியை மின்னேற்றம் செய்வதைத் தவிர்த்து, நிழலில் வைத்துச் செய்ய வேண்டும். மின்வடம் செருகப்பட்டிருக்கும்போது துளையின் இரப்பர் மூடி திறந்திருக்கும். மழைநீர் எளிதில் உட்புகும். மழை பிடித்தால் வடத்தைக் கழற்றி, துளையை மூடிவிட்டு, சேமிப்பானை நீர் புகாத பையில் வைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் நெடும்பயணத்தின்போது கற்றுக்கொள்ள முற்படுவது தவறு. மிட்வேலியிலிருந்து மெர்டேக்கா சதுக்கத்திற்குச் செல்லும் மிதிவண்டித் தடம் 2015-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இது போன்ற குறுகிய வழியில் முன்கூட்டியே ஒத்திகை பார்க்கலாம். பதிவைத் தொடங்கி, நின்று, வடத்தைச் செருகி, பிறகு கழற்றிப் பார்த்தால் கணினியின் இயல்பு புரிந்துவிடும். ஒருவேளை நடுவழியில் கணினி அணைந்துவிட்டாலும் பதற வேண்டியதில்லை. பல கணினிகள் அதுவரை பதிவானதைக் காத்து வைத்திருக்கும். மின்னேற்றம் செய்து எஞ்சிய வழியைத் தனியாகப் பதிவு செய்து, வீடு திரும்பிய பின் இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம்.

புறப்படும் முன்பு செய்யும் சிறு கணக்கே பத்து மணி நேர உழைப்பின் பதிவைக் காக்கிறது. கைப்பேசியின் மின்னாற்றலையும் அவசர வேளைக்கென மிச்சப்படுத்துகிறது. வெள்ளம் வருமுன் அணை போடுவது மிதிவண்டிப் பயணத்திற்கும் பொருந்தும்.