மிளகின் ஈரமும் கலப்புக் கணக்கும்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில், காயலை ஒட்டிச் செல்லும் பஜார் சாலையில் பழைய பண்டகசாலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் பல இன்று கலைப்பொருள் அங்காடிகளாக மாறிவிட்டன. எனினும் சிலவற்றில் மிளகும் சுக்கும் இன்னமும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. யூதத் தெருவில், 1957ஆம் ஆண்டில் தோன்றிய மிளகு வாணிபச் சங்கத்தின் கூடத்தில், மிளகின் முன்பேர விலை ஒரு காலத்தில் உரத்த குரலில் கூவப்பட்டது. மிளகு என்று பெயர் பெற்ற எல்லாவற்றுக்கும் ஒரே விலை கிடைப்பதில்லை. 'மலபார் கார்பிள்டு' முதல் தரம் என்று வழங்கும் மிளகில் ஈரம் நூற்றுக்கு 11க்கு மேற்படலாகாது. பொக்கு மணிகள் நூற்றுக்கு 2க்கும், தூசி, காம்பு முதலிய அயற்பொருள்கள் அரைக்கும் மேற்படலாகா. வணிகரின் இலாப நட்டம் இம்மூன்று எண்களில் அடங்கியிருக்கிறது.

இதே எண்கள் வேறு வேடத்தில் பள்ளி மாணவரிடமும் வருகின்றன. எட்டாம் வகுப்பு மாணவர் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வில் இரண்டு தாள்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் 90 வினாக்கள், 90 நிமிடங்கள். தேறியவர்க்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இது சிறு தொகை அன்று. வினா ஒன்றுக்கு ஒரு நிமிடமே உண்டு என்ற நிலையில், பாலும் நீரும், பொன்னும் செம்பும், விலை மிகுந்த அரிசியும் குறைந்த அரிசியும் கலக்கும் கணக்குகளில்தான் பலர் இடறுகின்றனர். பெருக்கலும் வகுத்தலும் அறியாமையால் நேரும் பிழையாக இது பெரும்பாலும் இருப்பதில்லை. சதவிகிதத்தை எடையைப்போலக் கூட்டவும் கழிக்கவும் முற்படுவதே பிழையின் வேர்.

மிளகைக் கொண்டே இதனைப் பார்ப்போம். கொடியிலிருந்து பறித்த பச்சை மிளகு 100 கிலோகிராம் இருக்கிறது. அதில் நூற்றுக்கு 70 பங்கு நீர் என்று கொள்வோம். வெயிலில் உலர்த்தியபின் ஈரம் நூற்றுக்கு 40 ஆகக் குறைந்தது. இப்பொழுது எடை என்ன? வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள். 'எழுபதிலிருந்து நாற்பது போயிற்று, முப்பது குறைந்தது, ஆகவே 70 கிலோ' என்ற விடையே முதலில் எழும். உண்மையில் எடை 50 கிலோதான்.

காரணம் எளிது. வெயில் நீரை மட்டுமே கொண்டுபோகிறது. முதலில் இருந்த 30 கிலோ உலர்பொருள் அப்படியே இருக்கிறது. முதலில் அது நூற்றில் 30 பங்கு. இப்பொழுது நூற்றில் 60 பங்கு. 30 கிலோ என்பது 60 பங்கானால் முழுமை 50 கிலோ ஆகவேண்டும். மேலும் உலர்த்தி ஈரத்தை 11க்குக் கொண்டுவந்தால், அதே 30 கிலோ நூற்றில் 89 பங்கு ஆகும். 30ஐ 89ஆல் வகுத்து நூறால் பெருக்க, 33.7 கிலோ. மூன்று பங்கு பச்சைக்கு ஒரு பங்கு உலர்ந்த மிளகு என்று மலைநாட்டு விவசாயி கைக்கணக்காகச் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. இரகத்துக்கு இரகம் இது சிறிது கூடும், குறையும்.

கிடங்கில் இப்பிழை சிறியதாகத் தோன்றும். ஆயினும் பணம் போகும். நூற்றுக்கு 14 ஈரமுள்ள 1,000 கிலோ மிளகை 11க்கு உலர்த்தினால் 30 கிலோ குறையும் என்று ஒருவர் கணக்கிட்டு, 970 கிலோ தருவதாக ஒப்பந்தம் செய்கிறார். உலர்பொருள் 860 கிலோ. அது 89 பங்காக நிற்க, கிடைப்பது 966.3 கிலோ. ஏறக்குறைய 3.7 கிலோ துண்டு விழுகிறது. கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது 2,200 ரூபாய்க்கு மேல். களப்பணியாளர் விவசாயியிடம் இதனை முன்னரே எடுத்துக் கூறினால், பின்னர் தராசின்மேல் வீண் சந்தேகம் எழாது.

ஆகவே கலப்புக் கணக்கு எதனைக் கண்டாலும் மாணவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி: இதில் மாறாமல் நிற்பது எது? உலர்த்தும்போது உலர்பொருள் மாறாது. பாலில் நீர் ஊற்றும்போது பால் மாறாது. உப்புநீரைக் காய்ச்சும்போது உப்பு மாறாது. இரண்டு சரக்குகளைக் கலக்கும்போது ஒவ்வொன்றும் கொண்டுவரும் ஈரத்தின் மொத்த எடை மாறாது. மாறாததைக் கண்டபின் எஞ்சியது ஒரு வகுத்தலே.

இக்கருத்து புதிதன்று. பாஸ்கராசாரியர் 1150ஆம் ஆண்டில் இயற்றிய லீலாவதியில் பொன் கலப்புக்கென்றே தனிப் பகுதி உண்டு. ஒவ்வொரு துண்டின் எடையையும் அதன் மாற்றால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் கலப்பின் மாற்று கிடைக்கும் என்பது அதன் விதி. 9 மாற்றுப் பொன் 4 கழஞ்சும் 6 மாற்றுப் பொன் 2 கழஞ்சும் சேர்த்து உருக்கினால், 36உம் 12உம் கூடி 48. அதனை 6ஆல் வகுக்க 8 மாற்று. (ஒன்பதையும் ஆறையும் கூட்டிப் பாதியாக்கி ஏழரை என்பவரைப் பொற்கொல்லர் பட்டறையில் சேர்த்துக்கொள்ளமாட்டார்.) இன்னும் ஒன்று: புடம் போட்டபின் எடை குறைந்தால், அதே பெருக்குத் தொகையைக் குறைந்த எடையால் வகுக்கவேண்டும் என்றும் அந்நூல் கூறுகிறது. அழுக்கு நீங்கினாலும் பொன் நீங்காது என்பதே இதன் உட்பொருள். நாம் மேலே மிளகுக்குச் செய்ததும் இதுவே. லீலாவதிக்கு 16ஆம் நூற்றாண்டில் கேரள தேசத்துச் சங்கர வாரியர் கிரியாக்கிரமகரீ என்ற விரிவுரை எழுதத் தொடங்கினார். மகிஷமங்கலம் நாராயணர் அதனை முடித்தார். விதியைச் சொல்வதோடு நில்லாமல் அது ஏன் சரியாகிறது என்று காட்டுவது அவ்வுரையின் வழக்கம். நம் வகுப்பறைகளுக்கும் அவ்வழக்கம் வேண்டும்.

ஏனெனில், தேர்வுக்குப் பயிற்சி தருவோர் 'குறுக்குக் கழித்தல்' என்னும் முறையைப் பெரும்பாலும் மந்திரம்போலக் கற்பிக்கின்றனர். நூற்றுக்கு 14 ஈரமுள்ள மிளகையும் 10 ஈரமுள்ள மிளகையும் கலந்து 11 ஆக்கவேண்டும், எவ்விகிதத்தில்? 14இலிருந்து 11 போக 3. 11இலிருந்து 10 போக 1. ஆகவே 1:3 என்று எழுதிவிடலாம். ஆனால் ஒன்று எதற்கு, மூன்று எதற்கு என்பதை மாணவர் தேர்வு மண்டபத்தில் மறந்துவிடுகிறார். பொருளறிந்தால் மறதிக்கு இடமில்லை. ஈரச் சரக்கின் ஒவ்வொரு கிலோவிலும் வேண்டியதற்கு மேல் 30 கிராம் நீர் மிகுதியாக உள்ளது. உலர்ந்த சரக்கின் ஒவ்வொரு கிலோவும் 10 கிராம் நீரையே ஏற்கும். மிகுந்த 30 கிராமை ஏற்க உலர்ந்தது 3 கிலோ வேண்டும். ஈரச் சரக்கு 600 கிலோ இருந்தால், உலர்ந்தது 1,800 கிலோ. பழைய கடைகளில் தொங்கிய வெள்ளிக்கோலை நினைவூட்டுவதும் நன்று: பிடி 11இல் இருக்கிறது, 14 அதற்கு மூன்று முழம் தள்ளியும் 10 ஒரு முழம் தள்ளியும் தொங்குகின்றன, தொலைவில் தொங்குவது இலேசாக இருந்தால்தான் கோல் சமன்படும்.

நேரம் குறுகிய தேர்வில் இதனால் மற்றொரு நன்மையும் உண்டு. சமமாகக் கலந்தால் ஈரம் 12 ஆகும். வேண்டிய 11 உலர்ந்த பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆகவே உலர்ந்தது மிகுதியாக இருக்கவேண்டும். கொடுத்துள்ள நான்கு விடைகளில் இதற்கு மாறானவற்றை எழுதுகோலைத் தொடாமலே நீக்கிவிடலாம்.

ஆனால் கிடங்குக்காரர் இவ்விடையை அப்படியே ஏற்கமாட்டார். கலப்பின் சராசரி ஈரம் 11 ஆயினும், கலந்த அன்றே ஒவ்வொரு மணியும் 11 ஆகிவிடுவதில்லை. ஈர மணியின் நீர் உலர்ந்த மணிக்குச் சிறுகச் சிறுகவே செல்லும். அதற்கிடையில், மழைக்காலத்துக் கொச்சியின் காற்றில், மூட்டையின் நடுவில் பூஞ்சணம் பிடிக்கலாம். பூஞ்சணம் சராசரியைப் பார்த்துப் பிடிப்பதில்லை. எனவே களப்பணியாளர் இக்கணக்கைக் கற்பிக்கும்போது, ஈரச் சரக்கை முதலில் தனியே உலர்த்துவதே முறை என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

விகிதங்களைக் கூட்டுவதிலும் இதேபோன்ற மயக்கம் ஒன்று உண்டு. ஒரு சரக்கில் நல்ல மணியும் பொக்கும் எடையில் 9:1, மற்றொன்றில் 4:1. இரண்டையும் சம எடையாகக் கலந்தால் என்ன விகிதம்? 13:2 என்பார் பலர். முதல் சரக்கில் பத்தில் ஒன்பது பங்கு நல்லது. இரண்டாவதில் ஐந்தில் நான்கு, அஃதாவது பத்தில் எட்டு. பத்துப் பத்துக் கிலோவாகக் கலந்தால் நல்லது 17, பொக்கு 3, விடை 17:3. அப்படியாயின் 13:2 முழுத் தவறா என்றால், அதுவும் அன்று. முதலாவது 10 கிலோவும் இரண்டாவது 5 கிலோவும் கலந்தால் அதுவே சரியான விடை. மாணவர் தாம் அறியாமலே 2:1 என்ற கலப்பைக் கற்பித்துக்கொண்டார். 'தவறு' என்று சிவப்பு மையால் அடிப்பதைவிட, அவர் விடை எந்த வினாவுக்குச் சரி என்று காட்டினால் பிழை மீண்டும் வாராது.

ஓர் எச்சரிக்கை. மேற்கண்டவை யாவும் எடைக் கணக்குகள். கொள்ளளவில் இவை எப்போதும் பொருந்தா. பொக்கு மணிகளைப் பிரிக்க ஆய்வுக்கூடத்தில் சாராயமும் நீரும் கலந்த திரவத்தில் மிளகை இடுகின்றனர். பொக்கு மிதக்கும், நல்லது அமிழும். அத்திரவத்தைத் தயாரிப்பவர் அறிவார்: 50 மில்லிலிட்டர் தூய சாராயத்தோடு 50 மில்லிலிட்டர் நீர் சேர்ந்தால் 100 ஆவதில்லை, ஏறக்குறைய 96 அல்லது 97தான் ஆகிறது. இரண்டின் மூலக்கூறுகளும் நெருங்கி அமைவதே காரணம். எடையோ சிறிதும் குறையாது. ஈரத்தை அளப்பதிலும் இத்தகைய நுட்பம் உண்டு. மிளகை அடுப்பில் வைத்துக் காய்ச்சி எடை பார்த்தால் நீரோடு மணத்துக்குக் காரணமான ஆவியாகும் எண்ணெயும் போய்விடும். கணக்கில் ஈரம் மிகுதியாகத் தோன்றும். அதனால்தான் டொலுயீன் என்னும் திரவத்தோடு சேர்த்து வடித்து, பிரிந்து வரும் நீரை மட்டும் அளவிட்ட குழாயில் அளக்கின்றனர். மாறாதது எது என்ற கேள்வி இங்கும் வருவதைக் காணலாம்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு கணக்கு: தேங்காய்ப் பருப்பில் ஈரம் நூற்றுக்கு 50, கொப்பரையில் 6. நூறு கிலோ பருப்பிலிருந்து எத்தனை கிலோ கொப்பரை கிடைக்கும்? 56 என்று விடை வந்தால், மாணவர் சதவிகிதத்தைக் கழித்திருக்கிறார். மாறாத 50 கிலோவை 94 பங்காகக் கொண்டவருக்கு 53.2 கிலோ என்று வரும்.