உழைக்க இயலாதோர்க்கு மாதாந்திர உதவித்தொகை

நோயினாலோ விபத்தினாலோ உழைக்க இயலாமற் போனவர்க்குத் தமிழக அரசு வழங்கும் பராமரிப்பு உதவித்தொகையை, பிறர் தயவென்று கூசாமல், தமக்குரிய உரிமையென்றே கருதிக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

● முதலில், அரசு மருத்துவமனையில் வைத்தியரிடம் ஊனத்தின் சதவீதத்தைக் குறிக்கும் சான்றிதழும், அதன்பேரில் யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும் பெறுவது அவசியம்.

● 75 சதவீதமோ அதற்கு மேலோ கடுமையாகப் பாதிக்கப்பட்டோரும், 40 சதவீதத்துக்குக் குறையாத தசைச்சிதைவு நோயாளரும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்து, மாதம் 2,000 ரூபாய் உதவி கோரலாம்.

● சான்றிதழுக்கான மருத்துவப் பரிசோதனையின்போது பழைய ஸ்கேன், மருந்துச்சீட்டு முதலியவற்றைத் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்து, 'உடம்பு முடியவில்லை' என்று பொதுப்படக் கூறாமல், சட்டைப் பொத்தானிட விரல் மடங்காததையும், துணையின்றிக் கழிப்பறை செல்ல இயலாததையும் ஒளிவுமறைவின்றி விவரமாகச் சொல்லுங்கள்.

● ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாயிருக்கின்றனவா என்று முன்கூட்டியே சரிபார்த்து, விண்ணப்பத்தின் பிரதியையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

● தற்காலிகச் சான்றிதழாயின் காலாவதியாகுமுன் புதுப்பியுங்கள். சதவீதம் குறைவென்று தோன்றினால், மனந்தளராது மேல்முறையீடு செய்யுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதற்கு இடமளிக்கிறது.