சிம் கார்டும் சர்வீஸ் வயரும்

கேள்வி: மின்துறை தனியாருக்குப் போனால், செல்போன் மாதிரி போட்டி வந்து கட்டணம் குறையும் என்கிறார்களே, உண்மையா? - வாசகர், ரெட்டியார்பாளையம்.

பதில்: வாசலில் நின்று மின்கம்பத்தை அண்ணாந்து பாருங்கள். அங்கிருந்து உங்கள் மீட்டருக்கு வருவது ஒரே ஒரு சர்வீஸ் வயர். சிம் மாற்றுவதுபோல அதை மாற்ற முடியுமா?

யூனியன் பிரதேசங்களின் மின் விநியோகம் தனியாருக்கு என்று 2020 மே மாதம் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். 2022 செப்டம்பரில் புதுச்சேரிக்கு டெண்டர் வந்தது. ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். டெண்டரில் விற்பனைக்கு வந்தது 100 சதவீதப் பங்கு. ஏலம் முடியும்வரைதான் போட்டி, அப்புறம் ஒரே முதலாளி.

பொருளாதாரக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு கம்பெனியின் சந்தைப் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டுவார்கள். நான்கு பேருக்கு ஆளுக்கு 25 சதவீதம் என்றால் 2,500. ஒரே ஆள் என்றால் 10,000. எண் ஏறினால் போட்டி குறைவு என்று பொருள். அரசுத் துறை இருந்தாலும் 10,000தான், தனியார் வந்தாலும் அதேதான். கட்டணத்தை நிர்ணயிப்பது கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கடிவாளம் அங்கேதான்.

இந்தக் கணக்கையும் முழுசாக நம்பிவிடாதீர்கள். 2000-01இல் கலிபோர்னியாவில் மின்சாரம் விற்கப் பல கம்பெனிகள் இருந்தன. ஆனாலும் தட்டுப்பாட்டு நேரத்தில், எவர் ஒதுங்கினாலும் ஊர் இருளும் என்ற நிலையில், விலையை ஏற்றினார்கள்.

மும்பையில் விநியோகத்தில் நிஜப் போட்டி நடந்தது. 2009க்குப் பிறகு ரிலையன்ஸ் வாடிக்கையாளர்கள் பலர், ரிலையன்ஸ் கம்பியிலேயே டாடா மின்சாரம் வாங்கினார்கள். கம்பிக்கு வாடகை தனி! புதுச்சேரி டெண்டரில் கம்பியும் விற்பனையும் ஒரே பொட்டலம்.