இழுக்கும் வண்டி சுமக்குமா?

பிக்கப் வண்டி வைத்திருக்கும் அமெரிக்கக் குடும்பங்கள் வீட்டோடு ஊர் சுற்ற இரண்டு வழிகள் உண்டு. பின்தொட்டியில் தூக்கி வைக்கும் குட்டி அறை டிரக் கேம்பர். கொக்கியில் மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீடு டிராவல் டிரெய்லர். எதை வாங்குவது என்று விசாரிப்பவர்களின் காதில் விழும் சில நம்பிக்கைகள் உயிருக்கே உலை வைப்பவை.

‘நாலு டன் இழுக்கிற வண்டி, ஒரு டன் கேம்பரைத் தாங்காதா?’ தாங்காது. பார வண்டியை இழுக்கும் மாட்டின் முதுகில் அத்தனை மூட்டையையும் ஏற்றிவிட முடியுமா? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு சிறிய ஸ்டிக்கர் தெரியும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். ஃபோர்டு எஃப்-150 ரகத்தில் பல வண்டிகளுக்கு அது 700, 800 கிலோதான். நாலு பேர் ஏறினாலே 280 கிலோ போய்விடும். மீதி 420, 520 கிலோவுக்குள் கேம்பர் அடங்க வேண்டும்.

விற்பவர் சொல்லும் எடையோ காலி எடை. 110 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 110 கிலோ ஏறும். எரிவாயு, பேட்டரி, சமையல் சாமான், படுக்கை எல்லாம் அதற்கு மேல். கெட்டிச் சுவர் கேம்பர்கள் பல, பயணத்துக்குத் தயாராகும்போது ஒரு டன்னைத் தாண்டிவிடும். பிரேக், டயர், ஸ்பிரிங் மூன்றும் அதன் விலையைக் கொடுக்கும்.

டிரெய்லருக்குத் தனிச் சக்கரம் இருப்பதால் பிக்கப்பின் மேல் பாரமே இல்லை என்பதும் தவறு. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்கும். 3,000 கிலோ டிரெய்லர் என்றால் 300 முதல் 450 கிலோ. அதுவும் அந்த ஸ்டிக்கர் கணக்கில்தான் சேரும். அதைக் குறைக்கலாமென்று சாமான்களைப் பின்கோடியில் அடைத்தால், வேகத்தில் டிரெய்லர் பாம்பாக நெளிந்து பிக்கப்பையும் இழுத்துச் சாய்த்துவிடும்.

‘கேம்பர் இருந்தால் எங்கும் நுழையலாம்.’ குறுகிய காட்டுப் பாதையில் உண்மை. ஆனால் மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில், கோயிங்-டு-த-சன் சாலையின் மலைப்பகுதியில் 21 அடி நீளத்தையும், கண்ணாடிகள் உட்பட 8 அடி அகலத்தையும் தாண்டும் வண்டிக்கு அனுமதியில்லை. கனமான கேம்பரைச் சுமக்கவென்று வாங்கும், நான்கு கதவும் நீளத் தொட்டியும் கொண்ட பெரிய பிக்கப் தனியாகவே 21 அடியைத் தாண்டிவிடும். டிரெய்லர்காரரோ அதை முகாமிலேயே கழற்றி விட்டுவிட்டு, 19 அடிச் சொச்சம் உள்ள எஃப்-150இல், கண்ணாடி அகலத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மலையேறலாம். கேம்பரையும் இறக்கலாம்தான்; ஆனால் நாலு மூலை ஜாக்கியையும் சமமாக உயர்த்தி, இருபுறமும் சில அங்குல இடைவெளியில் பிக்கப்பை நேராக வெளியே எடுக்க வேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கிய பின், தண்ணீர் நிரப்பி, குடும்பத்தையும் ஏற்றி, லாரி நிறுத்தத்து எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.