மாமியாரின் மருந்தும் மாப்பிள்ளையின் பில்லும்

தொழுகையிலே ஒரு ருகூஉ விட்டுப்போனால் ஆலிம்களைத் தேடிப்போய் மஸ்அலா கேட்கிறோம். நோன்பு வைத்துக்கொண்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறோம். மாதச் சம்பளத்தோடு வருகிற சலுகைகளைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. அது மார்க்கத்துக்கு அப்பாற்பட்ட காரியம் என்ற நினைப்புப் போலும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவருக்கும் மனைவி மக்களுக்கும் ஆகும் வைத்தியச் செலவைக் கம்பெனி கொடுத்துவிடுகிறது. மாமியார் மகள் வீட்டில் வந்து தங்கியிருக்கிறார். பெரிய நோய் ஒன்றுமில்லை. முழங்கால் வலி, கொஞ்சம் சர்க்கரை, பனிக்காலம் வந்தால் இழுப்பு. மாத்திரைக்கும் தைலத்துக்குமாக மாதந்தோறும் ஒரு தொகை போகிறது. "டாக்டர் சீட்டை என் பேரிலே எழுதி வாங்கிட்டா கம்பெனியே கொடுத்துடுமே" என்கிறார் மனைவி. "மாப்பிள்ளைக்கு ஏன் வீணாக் கைநட்டம்?" என்று மாமியாரும் உள்ளிருந்தபடியே சொல்கிறார். பழகிய டாக்டர், தெரிந்த மருந்துக் கடை. காரியம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதில் யாருடைய எண்ணமும் கெட்டதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மாமியாரை வீட்டில் வைத்துப் பார்ப்பது சிறிய நற்செயலா என்ன? மனிதனைப் படைத்து, அவனுக்கு இரத்த உறவையும் திருமண உறவையும் ஏற்படுத்தியதைத் தன் வல்லமைக்கு அடையாளமாக அல்லாஹுத் தஆலா சூரத்துல் புர்கானில் (25:54) எடுத்துக் கூறுகிறான். பெண் கொடுத்த வீட்டாரும் பெண் எடுத்த வீட்டாரும் அந்நியர் அல்லர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எனினும் ஃபிக்ஹுச் சட்டத்தையும் உள்ளபடி தெரிந்துகொள்ள வேண்டும். மாமியாரின் ஜீவனச் செலவு மாப்பிள்ளை மீது வாஜிப் அல்ல. அது அவர் பெற்ற மக்களின் பொறுப்பு. அவ்வாறே கணவனின் தாய்க்குப் பணிவிடை செய்வதும் மருமகள் மீது வாஜிபாக்கப்படவில்லை. (இதை மருமகள்மார் மனனம் செய்துகொண்டு மாமியாரிடம் ஒப்பிக்க வேண்டும் என்பதற்காக நாம் எழுதவில்லை!) இரண்டுமே இஹ்ஸான், கடமைக்கு மேலாக மனம் உவந்து செய்யும் உபகாரம். அப்படிப்பட்ட உபகாரத்தை மனிதன் எதிலிருந்து செய்ய வேண்டும்? தன்னுடையதிலிருந்து அல்லவா!

ஸஹாபாக்கள் அப்படித்தான் செய்தார்கள். பனூ முஸ்தலிக் போரில் பிடிபட்ட கைதிகள் பங்கிடப்பட்டு அவரவர் கைக்குப் போய்விட்டார்கள். அந்தக் கோத்திரத் தலைவரின் மகளான ஜுவைரிய்யா (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் மணமுடித்த செய்தி பரவியது. நபியவர்களின் சம்பந்தி வீட்டாரை நாம் கைதிகளாக வைத்திருப்பதா என்று மனம் கூசி, தத்தம் பங்குக்கு வந்தவர்களை அவர்கள் விடுவித்துவிட்டார்கள். இவ்வாறு நூறு குடும்பங்கள் விடுதலையடைந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மாமனார் வீட்டு உறவுக்கு அவர்கள் கொடுத்த மரியாதை அது. அதற்கான விலையை அவரவர் தம் கையிலிருந்தே கொடுத்தார்கள்.

இனி அந்தப் பில்லுக்கு வருவோம். கம்பெனி கொடுப்பது மாப்பிள்ளையின் சொந்தப் பணமல்ல. இன்னின்னாருக்கு நோய் வந்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட அமானத். "கோடிக்கணக்கில் சம்பாதிக்கிற கம்பெனிக்கு இந்த நானூறு ரூபாயா பெரிது?" என்பார்கள். கைபரிலிருந்து திரும்புகையில் நடந்ததைக் கேளுங்கள். மித்அம் என்பவர் நாயகம் (ஸல்) அவர்களுக்கே ஊழியம் செய்தவர். அவர்களுடைய ஒட்டகச் சேணத்தை இறக்கிக்கொண்டிருந்த வேளையில், எங்கிருந்தோ வந்த அம்பு பாய்ந்து மாண்டார். அவருக்குச் சுவனம் கிடைத்துவிட்டது என்று மக்கள் வாழ்த்தினார்கள். நபியவர்களோ அதை மறுத்து, பங்கிடுவதற்கு முன்பே கனீமத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்ட போர்வை அவர்மீது நெருப்பாய் எரிகிறது என்றார்கள். அதைக் கேட்டதும் ஒருவர் ஓடிப்போய்ச் செருப்பு வார் ஒன்றிரண்டைக் கொண்டுவந்து வைத்தார். அதுவும் நெருப்பால் ஆனதே என்றார்கள். போர்வைக்கும் செருப்பு வாருக்கும் என்ன விலை பெறும்? பொறுப்பில் அமர்த்தப்பட்டவர் ஒரு ஊசியை மறைத்தாலும் அது மோசடியே என்ற ஹதீஸும் முஸ்லிம் ஷரீஃபில் இருக்கிறது.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தச் சின்னப் பில்லுக்காகப் பொய் சொல்கிறவர்களை எண்ணிப் பாருங்கள். நோயில்லாதவரின் பெயரில் டாக்டர் சீட்டு எழுதுகிறார். கடைக்காரர் பெயரை மாற்றிப் பில் போடுகிறார். மாப்பிள்ளை "உண்மை" என்று கையெழுத்திடுகிறார். யாராவது விசாரித்தால் முழங்கால் வலி தனக்குத்தான் என்று சொல்ல மனைவி தயாராக இருக்க வேண்டும். பக்கத்தில் பாடம் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை அத்தனையையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. மச்சினன் நிக்காஹுக்குப் போக வயிற்று வலி என்று லீவு எழுதுவதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

சலுகை என்றாலே சந்தேகம் என்று நாம் சொல்ல வரவில்லை. பத்ருப் போர் நடந்த ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில் உஸ்மான் (ரலி) அவர்களின் மனைவியும் நாயகத்தின் மகளாருமான ருகையா (ரலி) நோயுற்றிருந்தார்கள். உடனிருந்து கவனிக்கும்படி மருமகனிடம் நபியவர்களே பணித்து, பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும் பங்கும் உண்டென்றும் அருளினார்கள். போர்க்களம் போகாதவருக்குப் பங்கு! கொடுக்க அதிகாரமுள்ளவர், காரணம் தெரிந்து கொடுத்தார்; ஆகவே அது தூய ஹலால்.

ஆகவே முதலில் அலுவலகத்து விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உரியதை வாங்கிக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை. மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண், தன்னை அண்டியிருக்கும் தாய் தந்தையரையோ மாமனார் மாமியாரையோ ஒரு தரப்பாரைத் தேர்ந்து தம் வைத்தியச் சலுகையில் சேர்த்துக்கொள்ள இடமிருக்கிறது. இ.எஸ்.ஐ. தொழிலாளிகளுக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அண்டியிருக்கும் பெற்றோரைக் குடும்பத்தில் சேர்த்திருந்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பெண் தொழிலாளியின் மாமனார் மாமியாரையும் அதில் சேர்த்தது. அந்த நிதி யாருடையது என்பதையும் மறக்க வேண்டாம். 2019 ஜூலையில் குறைக்கப்பட்ட கணக்குப்படி, தொழிலாளியின் கூலியில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும் முதலாளியின் பங்காக மூன்றேகால் ரூபாயும் போட்டுச் சேர்த்த பொதுப்பணம் அது.

விதியில் இடமில்லையென்றால்? அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. ஜன் ஔஷதி கடைகளில் அதே மருந்து மிகக் குறைந்த விலைக்கு இருக்கிறது. மாமியாருக்கு ஆண்மக்கள் இருந்தால், அவர்களிடம் தங்கள் பங்கை நினைவூட்டுவது மரியாதைக் குறைவு ஆகாது.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் உண்டு. தம் செலவில் இருக்க வேண்டிய பெற்ற தாய்க்கு ஒருவர் ஸகாத் கொடுக்க முடியாது. மாமியாருக்குக் கொடுக்கலாம், அவர் ஸகாத் பெறத் தகுதியான ஏழையாக இருந்தால். அவரிடமுள்ள நகை நட்டு, பிள்ளைகள் அனுப்பும் பணம் ஆகியவற்றைச் சொல்லி ஆலிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் விவரம் சற்று வேறுபடும். தொகையை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஸகாத் என்று வாயால் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மனத்தில் நிய்யத் இருந்தால் போதும். மருந்தை அவரே வாங்கிக்கொள்வார், முகமும் வாடாது.

வீட்டில் இதைச் சொல்லும் விதத்தில்தான் பாதிக் காரியம் இருக்கிறது. "உங்க உம்மாவுக்காக நான் பொய் சொல்லணுமா?" என்று மனைவியிடம் சீறினால், பில் நின்றுபோகும், மாமியாரும் மறுநாளே பெட்டியைக் கட்டிவிடுவார். அதைவிட முதலில் மருந்தை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, பில்லைக் கிழித்துப் போடுவது மேல். காரணத்தை அப்புறம் தனியே, பதமாகச் சொல்லலாம். "என் தாய்க்குச் செலவு செய்ய மனமில்லாமல்தான் மார்க்கம் பேசுகிறார்" என்ற எண்ணம் மனைவியின் உள்ளத்தில் விழாதபடி பார்த்துக்கொள்வது கணவனின் பொறுப்பு.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தௌபா மட்டும் செய்தால் போதாது; அடியார்களின் உரிமை திருப்பிச் செலுத்தப்பட வேண்டும். சரியான கணக்கு நினைவில்லாவிட்டால் மனம் நிம்மதியடையும் அளவுக்குச் சற்றுக் கூட்டியே போட்டுக்கொள்ளலாம். தன்னை நாலு பேர் நடுவே அம்பலப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனையல்ல. உரியவரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதே நிபந்தனை. பெயர் குறிப்பிடாமல் கம்பெனிக் கணக்கில் கட்டலாம். அதற்கும் வழியில்லையெனில், இனி தமக்கும் தம் மக்களுக்கும் உண்மையாகவே வரும் வைத்தியப் பில்களை, வாங்கிய தொகை ஈடாகும்வரை அலுவலகத்தில் கொடுக்காமல் விட்டுவிடலாமா என்று ஓர் ஆலிமிடம் தம் நிலையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும்.