உலகத்துச் செக்ரோலில் நம்ம பேர்



பெரட்டுக்குப் போய், மலை ஏறி, நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தாலும் செக்ரோலில் பேர் விழாவிட்டால் சம்பளம் கிடையாது. கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். இதை நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அறிவுக்கும் இப்படி ஒரு செக்ரோல் உண்டு. அதைக் கலைக்களஞ்சியம் என்பார்கள். யார் என்ன செய்தார், எந்த ஊர் எங்கே இருக்கிறது, ஒரு நோய் எப்படி வருகிறது என்று உலகத்து விஷயங்களை வரிசைப்படுத்தி எழுதி வைத்த பெரிய புத்தகம் அது. முன்பு அலுமாரியில் இருந்த அந்தப் புத்தகம் இப்போது கைப்போனுக்குள் வந்துவிட்டது. அதில் பேர் போடுகிறவர் யார், நம்ம பேர் அதில் விழ என்ன செய்யலாம் என்பதே இன்றைய பாடம்.

1. உடுவில் சொல்லும் கதை

யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்க்கும் சுன்னாகத்துக்கும் நடுவே உடுவில் என்றொரு ஊர். 1824இல் ஹரியட் வின்ஸ்லோ என்ற அமெரிக்க மிசனரி அம்மையார் அங்கே பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அந்தக் கல்லூரி இன்றும் இருக்கிறது. அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோ. உடுவிலில் இருந்து பிறகு சென்னைக்குப் போன அவர், 1862இல் ஒரு பெரிய தமிழ் - ஆங்கில அகராதியை வெளியிட்டார். அதில் 67,000க்கு மேற்பட்ட சொற்கள் இருந்தன.

ஒரு மனிதர் தனியாக அத்தனை சொல் சேர்க்க முடியுமா? முடியாது. ஜோசப் நைட் என்ற பாதிரியார் யாழ்ப்பாணத்தில் இருந்து சேர்த்து வைத்த எழுத்துப் பிரதிகளும் அதற்கு உதவின. தமிழ்ப் பண்டிதர்கள் பலர் வருடக்கணக்காக உழைத்தார்கள். ஆனால் புத்தகத்தின் முகப்பில் வின்ஸ்லோ பேரும் நைட் பேரும் இருக்க, பண்டிதர்களை ‘திறமையுள்ள உள்ளூர் அறிஞர்கள்’ என்கிற மாதிரிப் பொதுவாகச் சொல்லிவிட்டார்கள். முகப்பிலே அவர்களுக்கு அரைப்பேர்கூட விழவில்லை.

பக்கத்து ஊரான மானிப்பாயைச் சேர்ந்த ஒருவர் இன்னொரு வேலை செய்தார். ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை என்ற தமிழ் அறிஞர் 1902இல் ‘அபிதான கோசம்’ என்ற நூலை வெளியிட்டார். தமிழில் வந்த முதல் கலைக்களஞ்சியம் என்று இதைச் சொல்வார்கள். 1910இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ வந்தது. பிறகு பெ. தூரன் தலைமை ஆசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது.

எல்லாமே அரிய வேலை. ஆனாலும் எழுதியவர்கள் படித்த பெரியவர்கள்தான். மற்ற சனங்கள் வாசிக்கலாம், எழுத வழியில்லை.

2. வாசல் திறந்த விதம்

2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜிம்மி வேல்ஸ் என்பவர் தன் கம்பனிப் பணத்தைப் போட்டு, இணையத்தில் ‘நுப்பீடியா’ என்ற கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார். லாரி சாங்கர் அதன் ஆசிரியர். ஒரு கட்டுரை வெளிவர ஏழு கட்டம் தாண்ட வேண்டும். அறிஞர்கள் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். பலன்? முதல் வருடத்தில் சுமார் இருபது கட்டுரைதான் தேறியது.

2001 ஜனவரி ஆரம்பத்தில், கணினிக்கு நிரல் எழுதும் பென் கோவிட்ஸ் என்பவர் சாங்கரோடு சாப்பிட்டுக்கொண்டே ‘விக்கி’ பற்றிச் சொன்னார். விக்கி என்றால் ஹவாய்த் தீவு மொழியில் ‘சுறுக்கா’ என்று பொருள். வார்ட் கன்னிங்காம் என்ற நிரலாளர் 1995இல் அமைத்த முறை அது. ஒரு பக்கத்தை யார் வேண்டுமானாலும் திறந்து எழுதலாம், திருத்தலாம்.

அந்த முறையில் 2001 ஜனவரி 15ஆம் திகதி விக்கிப்பீடியா பிறந்தது. 2003இல் அது இலாபம் பார்க்காத ஓர் அறநிறுவனத்தின் கைக்குப் போனது. அதே வருடம் நுப்பீடியா மூடப்பட்டது.

“யாரும் எழுதலாம் என்றால் பொய்யும் வருமே?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொழுந்து நிறுக்கிற இடத்தை நினைத்துப் பாருங்கள். தராசு முள்ளை ஒருவர் மட்டும் பார்த்தால் சந்தேகம் வரும். பத்துப் பேர் பார்த்தால் ஏமாற்றுவது கஷ்டம். இங்கேயும் அப்படித்தான். எந்தக் கணக்கிலிருந்து, எப்போது, எதை மாற்றினார்கள் என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாறு பதிவாகும். பொய்யை இன்னொருவர் அழித்துப் பழையதைத் திரும்பப் போடலாம். எழுதியதற்கு ஆதாரமும் காட்ட வேண்டும். அப்படியும் பிழை இருக்கும். அதனால் வாசிக்கிறபோது ஆதாரத்தைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

3. தமிழில் ஒருவர் போட்ட வித்து

2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. அந்த நவம்பரில் அதில் எழுத வந்தவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக் கலைஞர், வளைகுடா நாட்டில் வேலை பார்த்தவர். ஆரம்பத்தில் பெரும்பாலும் தனியாளாகவே எழுதினார். வேலை முடிந்த நேரங்களில் ஒவ்வொன்றாக எழுதி, ஆயிரக்கணக்கான கட்டுரைகளைச் சேர்த்தார். பின்னால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருந்து பலர் கைகொடுத்தார்கள். 2017 மே மாதம் ஒரு இலட்சம் கட்டுரை ஆனது. இன்று ஒன்றரை இலட்சத்தையும் தாண்டிவிட்டது. கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை மயூரநாதனுக்கு வழங்கியது.

2005இல் இலங்கைத் தமிழ் இளைஞர்கள் சிலர் ‘நூலகம்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அப்படி ஒரு இழப்பு மறுபடி வரக்கூடாது என்றால் புத்தகங்களுக்கு மின்பிரதி வேண்டும். இன்று அந்த நூலகத்தில் மலையகத்தைப் பற்றிய புத்தகங்களும் பத்திரிகைகளும்கூட இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன.

4. நம்ம பக்கம் எப்படி?

இலங்கைத் தேயிலையின் கதையைத் திறந்தால், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரை தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்று இருக்கும். உண்மைதான். ஆனால் அந்த 19 ஏக்கரிலும் கான் வெட்டி, குழி தோண்டி, கன்று வைத்த கைகள் யாருடையவை? அவர்கள் பேர் எங்கே? அந்த அகராதிப் பண்டிதர்களுக்கு நேர்ந்தது, இங்கே ஆயிரக்கணக்கான சனங்களுக்கு நேர்ந்திருக்கிறது.

1940 ஜனவரியில் முல்லோயா தோட்டப் போராட்டத்தில் பொலிஸ் சூட்டில் கோவிந்தன் இறந்தார். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து நம்ம சனங்கள் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்தது. இவை புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் உங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் எந்த வருடம் தொடங்கியது? காமன் கூத்தை ஆடிக் காட்டிய வாத்தியார் யார்? மண்சரிவில் போன லயம் எது? இதையெல்லாம் தெரிந்தவர் நம்மிடையேதான் இருக்கிறார்கள். தாத்தா போனால் அதுவும் அவரோடு போய்விடும்.

இங்கே ஒரு சிக்கல். கலைக்களஞ்சியத்தில் “எங்க அப்பாயி சொன்னாங்க” என்று எழுத முடியாது. வெளியிடப்பட்ட, நம்பத்தக்க ஆதாரம் கேட்பார்கள். நம்ம வரலாறோ பெரும்பாலும் வாய்ச்சொல்லில் இருக்கிறது. ஆகவே முதல் வேலை, வாய்ச்சொல்லைக் கடதாசிக்குக் கொண்டுவருவதுதான்.

5. செய்யக்கூடியவை

• பழைய சங்க நோட்டீஸ், பள்ளிக்கூட மலர், கோயில் திருவிழா அழைப்பிதழ், சம்பளத் துண்டு எதையும் அடுப்புக்குப் போடாதீர்கள். ஈரம் படாமல் வையுங்கள். போனில் படம் எடுத்து வையுங்கள்.

• வயதானவர்களிடம் கேட்டு, பேர், ஊர், வருடத்தோடு கொப்பியில் எழுதுங்கள். பள்ளிக்கூட மலரிலோ பத்திரிகையிலோ அச்சில் வரச் செய்யுங்கள்.

• படிக்கிற பிள்ளைகள் தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து முதலில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தட்டும். கட்டணம் இல்லை, பரீட்சையும் இல்லை. பிறகு ஆதாரத்தோடு ஒரு பத்தி எழுதலாம்.

• பிறர் எழுதியதை அப்படியே பார்த்து எழுதக்கூடாது. சொந்தப் பெருமை பேசவும் இடமில்லை.

• அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம் இவற்றின் படத்தை ஒருபோதும் இணையத்தில் போடாதீர்கள்.

சம்பளம் தராத வேலைதான் இது. ஆனால் இந்தச் செக்ரோலில் பேர் போட கணக்கப்பிள்ளை வரவேண்டியதில்லை. பேனா நம்ம கையிலேயே இருக்கிறது.

கூடிப் பேச:

1. உங்கள் தோட்டத்தைப் பற்றி அச்சில் வந்தது ஏதாவது உங்களுக்குத் தெரியுமா? அது எங்கே இருக்கிறது?

2. வெளியே யாருக்கும் தெரியாத, ஆனால் தெரிய வேண்டிய உங்கள் தோட்டத்து மனிதர் யார்?

3. அடுத்த மாதத்துக்குள் எந்தப் பெரியவரிடம், எந்தப் பிள்ளை கொப்பியோடு போய் உட்காருவார்?