பாதியில் நின்ற பணிகள்

லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்டத் தொடங்கி முடிக்க இயலாமற்போகும் மனிதனைப் பற்றி நம் ஆண்டவர் கூறுகிறார். செலவை முன்னரே கணக்கிட வேண்டும் என்பது அங்கே நமக்குப் பாடம். ஆனால் நன்கு கணக்கிட்டுத் தொடங்கிய பணியும் சில வேளைகளில் நின்றுவிடுகிறது. அப்போது என்ன செய்வது? கணினியில் கால அட்டவணை தயாரிக்கும் மென்பொருளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இத்தகைய மென்பொருளில் ஒவ்வொரு பணிக்கும் ஒரு வரி உண்டு. தொடங்கும் நாள், ஆகும் நாட்கள், எந்தப் பணிக்குப் பின் இது வரவேண்டும் என்னும் தொடர்பு ஆகியவற்றை நாம் கொடுக்கிறோம். முடியும் நாளை மென்பொருள் கணக்கிடுகிறது. ஹென்றி காண்ட் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பிய பட்டை வரைபடமே இன்றும் திரையில் தெரிகிறது.

பள்ளி ஆண்டு விழாவை எடுத்துக்கொள்வோம். நாடகம் எழுத 10 நாள். பின்னர் உடை தைக்க 8 நாள். அதன்பின் ஒத்திகைக்கு 12 நாள். எழுதும் பணி 4 நாளோடு நின்றுவிட்டது என்று கொள்வோம். அவ்வரியை அப்படியே விட்டுவைத்தால், அட்டவணை பழைய தேதியையே காட்டி நம்மை ஏமாற்றும். அழித்துவிட்டாலோ, 4 நாள் உழைப்பின் பதிவும் மறையும். தொடர்பு அறுந்த தையல் பணி திட்டத்தின் முதல் நாளுக்கே தாவிவிடவும் கூடும். ஆகவே மூன்று முடிவுகளுள் ஒன்றை எடுக்க வேண்டும்.

1. தொடர்தல்: எஞ்சிய 6 நாள் வேலையை இனி வரும் தேதிக்கு நகர்த்த வேண்டும். முதலில் வகுத்த திட்டத்தைத் தனியே சேமித்து வைத்திருந்தால், எவ்வளவு பிந்தினோம் என்பது விளங்கும்.

2. செய்தவரை முடித்தல்: எழுதிய காட்சிகளே போதுமெனில், எஞ்சிய வேலையைப் பூஜ்யமாக்கலாம். செய்த 4 நாள் பதிவில் நிற்கும். தையல் பணி உடனே தொடங்கும்.

3. கைவிடுதல்: இன்னும் தொடங்காத பணியைச் 'செயலற்றது' எனக் குறிக்கலாம். மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் மென்பொருளின் 2010 தொழில்முறைப் பதிப்பில் இவ்வசதி வந்தது. அவ்வரி குறுக்குக் கோட்டுடன் பட்டியலில் இருக்கும், கணக்கில் சேராது. கைவிட்ட காரணத்தைக் குறிப்பில் எழுதுதல் நலம்.

எம்முடிவை எடுத்தாலும், அப்பணிக்குப் பின்னே நிற்கும் பணிகளையும் பார்க்க வேண்டும். நாடகமே இல்லையென்று ஆனபின், துணியும் ஊசியுமாகக் காத்திருக்கும் தோழியருக்கு அதைச் சொல்லாதிருப்பது முறையன்று.

பெரிய பணிக்கு நம் அண்டை மாவட்டங்களிலேயே சான்று உண்டு. மதுரை - போடிநாயக்கனூர் இருப்புப் பாதை 1928இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. 1950களில் பாதை மீண்டும் அமைக்கப்பட்டது. பின்னர், மீட்டர் பாதையை அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 இறுதியில் ரயில் நிறுத்தப்பட்டது. 90 கிலோமீட்டர் பாதையில் மதுரை முதல் தேனி வரையிலான 75 கிலோமீட்டரில் 2022 மே மாதத்திலும், எஞ்சிய 15 கிலோமீட்டரில் 2023 ஜூன் மாதத்திலும் ரயில் ஓடத் தொடங்கியது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி மக்கள் 11 ஆண்டுகளுக்கு மேலும், போடி மக்கள் 12 ஆண்டுகளுக்கு மேலும் ரயிலின்றி இருந்தனர்.

இதை நம் அட்டவணையில் ஒரே வரியாக எழுதினால், தேனிக்கு ரயில் வந்த நாளிலும் 'முடியவில்லை' என்றே காட்டும். பகுதிகளாகப் பிரித்து எழுதினால், முடிந்தது எது, எஞ்சியது எது என்பது தெரியும். முடிந்த பகுதி மக்களுக்குப் பயன்படும்.

மென்பொருள் தேதியைக் கணக்கிடும். தொடர்வதா, கைவிடுவதா என்று அது முடிவு செய்யாது. அதை நாமே செய்து, காத்திருப்போருக்கு நேர்மையாகத் தெரிவிப்போம். நம் குறிப்பேடுகளில் நின்றுபோன வரிகள் எத்தனை என்று இன்றே எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவை எழுதுவோமாக.